பதுருன்னிசா பேருக்கு வந்த கடிதம்

…பத்தரைக்கு முன்னால் அவர் என்றைக்கு வந்திருக்கிறார், வரமாட்டார், பக்கத்து புளோக்கை முடித்துவிட்டுத்தான் சைக்கிளை இந்தப் பக்கம் திருப்புவார், அது தெரிந்தும் ஒன்பது மணிக்கே இறங்கி வந்து கீழ்த்தளத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சாவியை இப்படி உள்ளங்கையில் போட்டு அழுத்தினால் மட்டும் தபால் சீக்கிரம் வந்துவிடுமா என்ன… பதுருன்னிசா கையை விரித்துப் பார்த்தாள், சாவியின் பல் தோலில் பதிந்து சிவந்திருந்தது. எதிர்ச் சுவரில் தபால்பெட்டிகள், வீட்டுக்கு ஒன்று, எல்லாம் ஒரே சாம்பல் நிறம், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி நீட்டு வாய். பன்னிரண்டாம் மாடி வரிசையில் நான்காவது அவளுடையது. அவளுடையது என்றுதான் தேக்காவுக்கு வீடு மாறி வந்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவர் அந்த வாய்க்குள் கைவிட்டு அவள் பேருக்கு வரும் கடிதங்களை எடுத்துக்கொண்டு போகிறார், ஒரு மாதமாகவா ஆறு மாதமாகவா, அதுவும் தெரியாது, முகம் எப்படி இருக்கும், அதுவும் தெரியாது. அவளுக்குப் பயமாக இருந்தது. தேக்கா சந்தையிலிருந்து மீன் வாடையும் மல்லிகை வாடையும் சேர்ந்தே வந்தன, ஆட்கள் பையும் கையுமாகப் போனார்கள், போகிற ஒவ்வொருவரும் அந்தப் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவதாகவே அவளுக்குப் பட்டது.

அந்த வெள்ளிக்கிழமைக் கடிதம் மட்டும் தப்பி வராமல் இருந்திருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது, அதுதான் நல்லதோ? ஏதோ ஒரு பெரிய கடையிலிருந்து வந்திருந்தது, எங்கள் கடையில் கணக்குத் திறந்ததற்கு நன்றி, திருமதி பதுருன்னிசா, உங்கள் அட்டை தனித்தபாலில் வருகிறது என்று. இவள் அந்தக் கடைக்குள் கால் வைத்ததே இல்லை. புருஷன் ஒலி முகம்மது இரண்டு தடவை படித்தார், பிறகு வேலை பார்க்கும் ஜவுளிக்கடைத் தொலைபேசியிலிருந்து அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார், மத்தியானம் சாப்பிட வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. பெண் ஒருத்தி நேரில் வந்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாளாம், ஐசி, அதாவது அடையாள அட்டை நம்பர் சரி, பிறந்த தேதி சரி, தகப்பனார் பேர் அப்துல் கையூம், அதுவும் சரி. எல்லாம் எப்படித் தெரியும் அவளுக்கு என்று அவர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார், அப்புறம் தானே கண்டுபிடித்தார், ஹஜ் பயணத்துக்காக ஏஜென்டிடம் கொடுத்த தாள்களின் நகல்களை அந்த ஆள் வேலை முடிந்ததென்று தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறார், அந்த உறை வீடு வந்து சேரவே இல்லை. ஐசி, குடியுரிமைத் தாள், நிக்காஹ் பத்திரம், எல்லாம் ஒரே உறையில். யாரோ ஒருத்தி ஒரு கோழித்தூக்கம் போடும் நேரத்தில் உட்கார்ந்து படித்து பதுருன்னிசா ஆகிவிட்டாள். அவ்வளவு லேசா அது? லேசுதான், லேசு என்று இவளுக்குத் தெரியாதா?

இன்றைக்குப் பதினொரு மணிக்குக் கடையில் சொல்லிவிட்டு வருவார், இருவரும் போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும். அசல் தாள் எல்லாம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்களாம், இவள்தான் அசல் பதுருன்னிசா என்று முதலில் காட்ட வேண்டுமாம், பெரியத்தாவின் பழைய பாஸ்போர்ட்டுகூட இருந்தால் நல்லதாம், அதில்தானே இவள் ஐம்பத்திரண்டில் ஊரிலிருந்து வந்து இறங்கிய முத்திரை இருக்கிறது. நேற்று ராத்திரியே அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்து மேசைமேல் அடுக்கி வைத்துவிட்டார், அவருக்கு எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். இவள் வேண்டாமே என்று இழுத்தபோது சிரித்தார். "தப்பு பண்ணுனது அவ. நமக்கு என்னலா பயம்?" என்று கேட்டார். இருபத்தொரு வருடம் ஒரே பாயில் படுத்த மனிதர், நமக்கு என்ன பயம் என்கிறார். அந்த நமக்கு என்ற சொல்லுக்குள் தானும் இருக்கிறோமா என்று விடியும்வரை கண்ணை மூடாமல் கிடந்தாள்.

கப்பல் ஏறும்போது பெரியம்மா பாவாடையை இடுப்பில் இரண்டு மடிப்பு மடித்து ஊசி குத்தினாள், அது மட்டும் இன்னும் மறக்கவில்லை, ஊசி குத்திய இடம்கூட நினைவிருக்கிறது. பாவாடை பதுருவுடையது. அத்தாவின் அண்ணன், பெரியத்தா அப்துல் கையூமின் மகள், பதினொரு வயசு, நல்ல உயரம். அம்மை வந்து எட்டே நாளில் மவுத்தாகிப் போனாள், அப்போது கப்பலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது, அனுமதித் தாளில் மனைவி ஒன்று மகள் ஒன்று என்று எழுதி முத்திரை குத்தியாகிவிட்டது, அடுத்த வருடம் சட்டம் மாறப் போகிறது, இனி ஊரிலிருந்து ஆளைக் கொண்டுபோக முடியாது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலம். பெரியத்தாவும் அத்தாவும் பள்ளிவாசலிலிருந்து வந்து வாசலில் நின்றபடியே முடிவு பண்ணிவிட்டார்கள், போன பிள்ளை போய்விட்டது, தாள் ஏன் வீணாகப் போக வேண்டும், என் பிள்ளையைக் கூட்டிப்போ. அப்படித்தான் ஒன்பது வயசு சம்சுன்னிசா பதினொரு வயசு பதுருன்னிசா ஆனாள். ஊரில் இதைக் கொலைக்குற்றம் மாதிரி யாரும் பேசவில்லை, ரெண்டு மூணு வீட்டில் அப்படித்தான் செய்திருந்தார்கள், காலியாக இருந்த ஒரு இடத்தில் ஒரு பிள்ளையை உட்கார வைத்த மாதிரி. கபரில் கிடப்பது சம்சு என்று சொல்லிக்கொண்டார்கள். இவளிடம் யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பாள், கப்பல் பார்க்க ஆசையாக இருந்தது, உண்மையைச் சொன்னால் அவ்வளவுதான்.

ஆனால் அம்மா… அம்மாவின் கடிதம் வருடத்துக்கு நாலு வரும். அன்புள்ள பதுருன்னிசாவுக்கு உன் சாச்சி எழுதிக்கொள்வது என்று ஆரம்பிக்கும், பெரியத்தா மகளுக்கு அவள் சின்னம்மாதானே. பெற்ற தாய், யார் பிரித்துப் படித்துவிடுவார்களோ என்று பயந்து, பத்தொன்பது வருடம் சாச்சியாகவே கடிதம் எழுதி, சாச்சியாகவே செத்தும் போனாள். தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று கேட்டிருப்பாள், எந்தச் சாச்சி அதைக் கேட்பாள்? அந்தக் கடிதங்களையும் இவள் வைத்துக்கொள்ளவில்லை, படித்ததும் கிழிப்பாள், நாலாக, எட்டாக, பொடியாக, பிறகு ரெண்டு குப்பையில் பிரித்துப் போடுவாள். மற்ற வீட்டில் குப்பை இருக்கும், நம்ம வீட்டில் தூள்தான் இருக்கும் என்று ஒலி முகம்மது கிண்டல் செய்வார், மகள் கதீஜா அதைத் தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். இப்போது மின்தூக்கிப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் நாலு மொழியில் ஒட்டியிருக்கிறார்கள், தபாலை அன்றன்றே எடுங்கள், பெட்டியைப் பூட்டுங்கள், பேரும் நம்பரும் உள்ள தாளைக் கிழித்துப் போடுங்கள், திருடர்கள் உங்கள் பெயரில் ஏமாற்றுவார்கள். படித்தபோது இவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. முப்பத்திரண்டு வருடமாக இதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள், இந்தத் தீவில் தபாலை அவளைவிடப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் யார்? அந்த ஏஜென்டு ஒரு உறையில் போட்டு எல்லாவற்றையும் கெடுத்தான், அவன் கை முறிய… வேண்டாம், ஹஜ்ஜுக்கு நிய்யத்து வைத்த வாய், திட்டக்கூடாது. ஹஜ்ஜில் போய் நின்று வந்துவிட்டேன் யா அல்லாஹ், வந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டுமாமே, யார் வந்ததாகச் சொல்வது? அந்த அல்லாஹ்வுக்கு மட்டும் உண்மைப் பேர் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தால் கொஞ்சம் ஆறுதலாகவும் இருக்கும், கொஞ்சம் குலை நடுங்கவும் செய்யும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ரவூப்… தம்பி என்று சொல்லக்கூடப் பழக்கமில்லை, இவள் கப்பலேறிய பிறகு பிறந்தவன், முகம் பார்த்ததில்லை. அத்தாவும் போன பிறகு பெட்டியைக் கிளறி எதையோ கண்டுபிடித்திருக்கிறான், அல்லது சாகும்போது அத்தாதான் சொல்லிவிட்டாரோ என்னவோ. ரம்ஜானுக்கு முன்னால் ஒரு நீலக்கடிதம், அதாவது ஒட்டி மடித்த ஏரோகிராம், அதில் அன்புள்ள அக்கா என்று எழுதியிருந்தான், பெரியத்தா மகள் என்றெல்லாம் இல்லை, வெறும் அக்கா. அவள் அதைப் படித்துவிட்டுக் குளியலறையில் தண்ணீரைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷமாகவும் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். அக்கா, உங்களுக்கு இந்த வீட்டில் உரிமை இருக்கிறது, உங்கள் சொந்தப் பேரிலேயே எழுதிவிடப் போகிறேன், நடந்தது பூராவும் எனக்குத் தெரியும், அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன். முட்டாள் பையன், நல்ல பையன். எழுதாதே என்று உடனே பதில் போட்டாள், அது போய்ச் சேர்வதற்குள் அவன் எழுதியிருப்பான். ஐந்து வாரம் ஆகிவிட்டது. வரவில்லையா, வந்து அந்தக் கைக்குப் போய்விட்டதா? போயிருந்தால் அந்தப் பெண் இப்போது வெறும் ஐசி நம்பர் தெரிந்த பெண் இல்லை. வராமல் இருந்தால் இன்றைக்கோ நாளைக்கோ வரும், அவளுக்கு முன்னால் எடுக்க வேண்டும், புகார் கொடுத்த பிறகு போலீஸ்காரர் பெட்டியைத் திறக்கச் சொல்லும்போது அது உள்ளே கிடக்கக்கூடாது. ஆறு நாளாக இந்தப் பெஞ்சு. குடியுரிமைத் தாளைப் பிடுங்கிக்கொண்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்களா, நாற்பத்தொரு வயசில் எந்த ஊருக்கு, அங்கே கபரில் இருக்கிற பேரோடு போய் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது? கதீஜா பிறப்புச் சான்றிதழில் தாய் பேர் என்ன ஆகும்? ஒலி முகம்மது என்ன செய்வார்? கத்தமாட்டார், அது தெரியும். சோற்றைப் பிசைந்தபடி பேசாமல் இருப்பார், அதை நினைக்கத்தான் முடியவில்லை.

சைக்கிள் மணி. மலாய்க்காரத் தபால்காரர் இறங்கிப் பையைத் தோளுக்கு மாற்றினார். முதல் நாளே அவரிடம் போய் என் கையில் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தாள், அவர் தன்மையாகச் சிரித்துவிட்டு, பெட்டியில் போடுவதுதான் முறை அக்கா, யார் யாரென்று எனக்கு எப்படித் தெரியும் என்று மலாயில் சொல்லிவிட்டார். சரியான பேச்சு. இன்றைக்கு அவள் எழுந்திருக்கவில்லை. வரிசை வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தார், பத்தாம் மாடி, பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, நான்காவது பெட்டியில் ஒரு வெள்ளை உறை, அதன் அடியில்… நீலம். நீலம்தானே? நீலம்தான், ஓரத்தில் கோடு தெரிந்தது. எழுந்தாள், நாலு எட்டு வைத்திருப்பாள், பின்னாலிருந்து முழங்கையை யாரோ பிடித்தார்கள், ஆமினா பீவி.

பதினொன்றாம் மாடி ஆமினா பீவி, அதே ஊர், இரண்டு தெரு தள்ளி. நல்ல மனுஷிதான், ஆனால் ஊரிலிருந்து கடிதம் வந்தால் அது வந்தவர் கடிதம் மட்டும் இல்லையே, இவர்களிடத்தில் எந்தக் காலத்தில் அப்படி இருந்திருக்கிறது, நாலு வீட்டுக் கடிதம் அது, பிரித்து உரக்கப் படிக்க வேண்டும், யார் வீட்டில் பிள்ளை, யார் வீட்டில் மவுத்து, மழை பெய்ததா என்று கேட்க வேண்டும், படிக்காமல் மடித்து வைத்தால் வீட்டில் என்னவோ இருக்கிறது என்று அர்த்தம். நீலத்தைப் பார்த்தால் ஆமினா பீவி விடமாட்டாள், படி, கேக்குறேன் என்பாள், இங்கேயே, இந்தச் சுவரடியிலேயே. ஆகவே பதுருன்னிசா பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை, சாவியை முந்தானைக்குள் விட்டாள், சும்மா காற்றாட இறங்கினேன் என்றாள், சுறா என்ன விலை, மகனுக்கு ராணுவப் பயிற்சி முடிந்துவிட்டதா என்று வாய் தன்பாட்டில் கேட்டுக்கொண்டிருந்தது, ஆமினா பீவி அகலமான உடம்போடு பெட்டிகளை மறைத்துக்கொண்டு நின்றாள், போ தாயி, போய்த் தொலை, மீன் கெட்டுவிடப்போகிறது… மின்தூக்கிக் கதவு சாத்தும்வரை சிரித்த முகத்தை மாற்றாமல் வைத்திருந்துவிட்டு இவள் திரும்பினாள்.

பெட்டிகளின் முன்னால் ஒருத்தி நின்றாள். முப்பது வயசைத் தாண்டாத முகம், சுத்தமான மலாய் உடுப்பு, பாஜு கூரோங், தோளில் கைப்பை, ஏதோ ஆபீசுக்குப் புறப்பட்டவள் மாதிரி. கையில் பள்ளிக்கூடத்து ரூலர், அதன் நுனியில் ஒட்டுத்தாள் சுருட்டி வைத்திருந்தது, அது நான்காவது பெட்டியின் வாய்க்குள் போய் நீலத்தோடு வெளியே வந்தது. இத்தனை சுலபமா? பதுருன்னிசா கிட்டே போய்விட்டாள், எப்படிப் போனாள் என்று தெரியாது, கையை நீட்டினால் தொடலாம், அவ்வளவு கிட்டே. அது என் வீட்டுப் பெட்டி என்று சொன்னாள். அந்தப் பெண் தூக்கிவாரிப்போடத் திரும்பினாள், உதடு வெளுத்தது. பிறகு நிமிர்ந்துகொண்டாள்.

"ஒங்க பெட்டியா? இது என் பெட்டிலா. என் பேரு பதுருன்னிசா. அத்தா பேரு அப்துல் கையூம். பொறந்தது நாப்பத்தொண்ணு, மார்ச்சு பத்து."

யாரும் அத்தா பேரைக் கேட்கவில்லை. யாரும் பிறந்த தேதியைக் கேட்கவில்லை. கேட்காததையெல்லாம் சொல்கிறவள்… கப்பலை விட்டு இறங்கிய இடத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் பேர் என்ன என்று மட்டும்தான் கேட்டார், துபாஷி அதைத்தான் தமிழில் சொன்னார், இவள் பேரும் அத்தா பேரும் வயசும் தேதியும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள், கப்பல் முழுக்க பெரியம்மா சொல்லிக்கொடுத்தது, இதே வரிசை, இதே மூச்சு, இதே தேதி. வெள்ளைக்காரர் இவள் உயரத்தை ஒரு தடவை பார்த்தார். பெரியத்தா கையை இறுக்கினார். அவர் முத்திரையைக் குத்திவிட்டார். இப்போது இவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், முப்பது வயசு முகம் நாற்பத்துமூன்று என்கிறது, பொய், சுத்தப் பொய், நான்தான் பதுருன்னிசா என்று சொல்ல வேண்டியதுதானே, ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள், பள்ளியில், ஆஸ்பத்திரியில், நிக்காஹ் சபையில், ஒரு தடவைகூட நாக்கு தடுக்கினதில்லை. வாயைத் திறந்தாள். நான்தான் என்பது வந்தது. அதற்கு மேல் வரவில்லை. இன்னொருத்தி எடுத்துப் போட்டுக்கொண்ட பிறகு அந்தப் பேர் கைக்கு அகப்படவில்லை, அதற்குக் கீழே இருந்த பேர்தான் நாக்கு நுனிவரை வந்து நின்றது, அதை எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது, திருடியிடமா? அந்தப் பெண் காத்திருந்தாள். இவள் கத்துவாள், ஆள் கூடும், ஓட வேண்டும் என்று ஒரு காலைப் பின்னால் வைத்தபடி காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இவள் முகத்தையே பார்த்தாள், முதலில் பயத்தோடு, பிறகு புரியாமல், பிறகு எதுவோ புரிந்த மாதிரி. உதட்டில் நிறம் திரும்பி வந்தது. பின்னால் வைத்த காலை முன்னால் எடுத்து வைத்தாள், நீலக்கடிதத்தைப் புரட்டி அனுப்பியவர் பேரைப் படித்தாள், கைப்பையைத் திறந்து, கசங்காமல், உள்ளே வைத்துக்கொண்டாள். வெள்ளை உறையை எடுக்கக்கூட இல்லை. பஃபலோ ரோட்டுப் பக்கமாக நடந்தே போனாள்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் ஒலி முகம்மது வந்தார், கக்கத்தில் காலையிலேயே கையோடு கொண்டுபோன பிளாஸ்டிக் கோப்பு, அதில் அசல் தாள்கள் வரிசையாக. யாராவது வந்தார்களா என்று கேட்டார். யாரும் வரவில்லை என்றாள். சொன்னது யாருக்காக, தனக்காகவா அவளுக்காகவா, சொன்ன பிறகும் தெரியவில்லை. தலை சுற்றுகிறது, போலீசுக்கு நாளைக்குப் போவோமே என்றாள், அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "நெருப்பாக் கொதிக்குது, மேல போய்ப் படு பதுரு, நாளைக்குப் போய்க்கலாம்," என்று சொல்லி மின்தூக்கி வரைக்கும் தோளைப் பிடித்துக் கூட்டிப் போனார். நல்ல மனிதர். இந்நேரம் அந்தப் பெண் எங்காவது ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து ரவூபின் கடிதத்தைப் பிரித்திருப்பாள், தமிழ் படிக்கத் தெரிந்தவள், பொறுமையாகப் படிப்பாள், நடந்தது பூராவும் அதில் இருக்கும், பேர் உட்பட. ஆனால் கடிதத்தைப் படித்தா அவள் தெரிந்துகொள்ள வேண்டும்? பயந்துகொண்டு வந்தவள் பயமில்லாமல் போனாளே, அது கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்னால்தானே… வேண்டியதை இவள் முகத்திலேயே படித்துவிட்டாள், இந்தப் பெட்டிக்காரி கத்தமாட்டாள் என்று. நாளைக்கும் பத்தரைக்கு வருவாள். ரூலர்கூடக் கொண்டுவரமாட்டாள், கையை நீட்டினால் இவளே பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுப்பாள் என்று அவளுக்குத் தெரியும், கொடுப்பாளா என்று பதுருன்னிசா தன்னைக் கேட்டுப் பார்த்தாள், பன்னிரண்டாம் மாடி வந்து கதவு திறந்தது, ஒலி முகம்மது இறங்கு என்றார்.